வன்னியில் ஒரு மருத்துவக் கல்வி அமர்வு: மைக்கை யாரிடம் கொடுப்பது?

மருத்துவச் சங்கமொன்றின் வருடாந்த மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தவர்களுக்கு இது தெரிந்த கதை. பேச்சாளரைப் பிடிக்க மாதக் கணக்கில் தொலைபேசி, மண்டபத்துக்கு வாரக் கணக்கில் கடிதம், மதியச் சாப்பாட்டுக்கென்று தனியாகக் கூட்டம். அமர்வை மேடையில் நடத்தும் நெறியாளர் என்ற கட்டம் மட்டும் நிரலை அச்சுக்குக் கொடுக்கிற மாலைதான் நிரம்பும். "யாரைப் போடுவம்?" "சேரைப் போடுங்கோ." விஷயம் முடிந்தது.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். வட இலங்கையின் வன்னியில், பணியிலிருக்கும் வைத்தியர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி அமர்வு ஒன்றை நெறிப்படுத்த நமக்குக் கிடைக்கக்கூடிய ஆட்கள் யார், அவர்களில் எவரை எப்போது தேர்வது என்பது கேள்வி. பேச்சாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கேட்டவர்கள் எதைக் கொண்டுபோகிறார்கள் என்பதில் பாதி நெறியாளர் கையில்தான் இருக்கிறது.

முதலில் மண்டபத்தைப் பார்ப்போம். கொழும்பில் ஒரு துறைசார் கல்லூரியின் மாநாடு என்றால் அந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நடக்கும் மாநாட்டில் ஆட்கள் கலவை. முன்வரிசையில் வைத்திய நிபுணர்கள் சிலர். நடுவில் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் வைத்திய அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகளிலிருந்தும், அவற்றைவிடச் சிறிய பிரதேச வைத்தியசாலைகளிலிருந்தும் கடமையை மாற்றிக்கொண்டு வந்தவர்கள். சுவரோரமாக உள்ளகப் பயிற்சி வைத்தியர்களும் தாதிய உத்தியோகத்தர்களும். தமிழ் பேசுபவர்களோடு சிங்களம் பேசுபவர்களும் இருப்பார்கள். ஸ்லைட் எல்லாம் ஆங்கிலத்தில்.

அமர்வு யாருக்காக என்று கேட்டால் எல்லோரும் பின்வரிசையைத்தான் காட்டுவார்கள். இரவில் தனியாக நின்று முடிவெடுக்கிறவர் அங்கேதான் இருக்கிறார். மைக் மட்டும் முன்வரிசையைத் தாண்டிப் போவது அபூர்வம்.

ஒப்பிட வசதியாக ஓர் அமர்வை எடுத்துக்கொள்வோம்: பாம்புக்கடி, 75 நிமிடம். வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது. வயலும் குளமும் காடும் அடுத்தடுத்து இருக்கிற பூமி. புடையன் என்று நம்மூரில் சொல்கிற கண்ணாடி விரியன் வயலில் கடிக்கும். கண்டங்கருவளை என்கிற கட்டுவிரியன் இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். முதல் சில மணி நேரத்துச் சிகிச்சை பெரும்பாலும் சிறிய வைத்தியசாலையில்தான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் டேவ் டேவிஸும் சக ஆய்வாளர்களும் 1999ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு மீளாய்வு வெளியிட்டார்கள். விரிவுரை கேட்டுவிட்டுப் போவதால் மட்டும் வைத்தியர்களின் நடைமுறை மாறுவதாகத் தெரியவில்லை, பங்கெடுத்துப் பேசவும் பயிலவும் இடம் தரும் அமர்வுகள்தான் மாற்றம் தரக்கூடும் என்பது அதன் சாரம். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னமும் 60 நிமிட விரிவுரைக்குப் பின்னால் "ஓரிரு கேள்விகளுக்கு நேரமிருக்கிறது" என்று அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் தெரிவு: வெளியூர் மூத்த நிபுணர்

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு பேராசிரியரை அல்லது மூத்த வைத்திய நிபுணரை அழைத்துத் தலைமை தாங்கச் சொல்வதுதான் வழக்கமான வழி. அதில் நன்மை இல்லாமல் இல்லை. நேரம் தாண்டிப் பேசுகிற இன்னொரு மூத்தவரை நிறுத்தும் தைரியம் அவருக்குத்தான் இருக்கும். சபையில் தவறான கருத்து ஒன்று உறுதியாகச் சொல்லப்பட்டால், "அதற்கு ஆதாரம் இல்லை" என்று அந்த இடத்திலேயே சொல்ல முடியும். நிரலில் அவர் பெயர் இருந்தால் ஆட்களும் கொஞ்சம் கூடுதலாக வருவார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாம்புக்கடி அமர்வில் என்ன நடக்கும்? பேச்சு முடிந்ததும் அவர் தன் அனுபவத்தைச் சொல்வார். நல்ல அனுபவமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் போய்விடும். பிறகு "எனி குவெஸ்சன்ஸ்?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் பார்ப்பார். யாரும் கை தூக்க மாட்டார்கள். தூக்காததற்குக் காரணம் இருக்கிறது: பட்டப்பின் பரீட்சை எழுதக் காத்திருக்கும் இளையவர்களுக்கு அவர் நாளைய பரீட்சகராகவும் இருக்கலாம். "எங்கட வாட்டில அன்டிவெனம் குடுக்கப் பயமா இருக்கு சேர்" என்று, விஷமுறிவு மருந்தைப் பற்றி, அவர் முன்னால் எழுந்து யார் சொல்வார்?

அப்புறம், அவர் பணிபுரியும் இடத்தில் ஐ.சி.யு. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும். "உடனே சுவாசக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் விடுங்கள்" என்பது அவருக்கு ஒரு வரி. முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலையில் இருப்பவருக்கு அது அம்புலன்ஸ், சாரதி, கூடப் போக ஒரு தாதி, அவர் போனால் விடுதியைப் பார்க்க இன்னொருவர் என்று நீளும் கணக்கு. அந்தக் கணக்கு மூத்தவருக்குத் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. கேள்வி கேட்டு வெளிக்கொண்டுவருவதற்கு மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காக மூத்தவர் எப்போதும் பொருந்தாதவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தலைப்புகளில் என் தீர்ப்பு தலைகீழாகும்.

ஒன்று மலேரியா. 2012க்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் உள்ளூர்த் தொற்று பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. ஆனால் அதே ஆண்டு டிசெம்பரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய கடத்தி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். இன்றைய இளம் வைத்தியர்களில் பெரும்பாலோர் மலேரியா நோயாளி ஒருவரைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் வன்னியில் வரிசை வரிசையாக மலேரியாவைப் பார்த்த மூத்தவர்களோ இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அமர்வை அவர்களில் ஒருவர் நடத்தட்டும், இளையவர் கேட்கட்டும். அங்கே நமக்கு வேண்டிய அறிவு முன்வரிசையில் இருக்கிறது.

இரண்டு, காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய். வவுனியாவும் இந்த நோய் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. தண்ணீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலும் நீரிழப்பும் என்று ஆளுக்கொரு விளக்கம். ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதரவாளர்கள். அங்கே எல்லோரையும் அடக்கி நடத்தக்கூடிய, எந்தப் பக்கமும் சாயாத பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் அமர்வு சந்தை ஆகிவிடும்.

இரண்டாவது தெரிவு: உள்ளூர் வைத்திய அதிகாரி

ஆதார வைத்தியசாலை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்த, பேச்சு வருகிற ஒரு வைத்திய அதிகாரி. நிபுணர் பட்டம் கிடையாது. நிரலில் அவர் பெயருக்குக் கீழே போட நீளமான தகைமை வரிசையும் இல்லை. பல குழுக்கள் இவரை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கோ பாம்புக்கடிக்கு இவர்தான் முதல் ஆள்.

ஏன் என்று சொல்கிறேன். கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க 20 நிமிடப் பரிசோதனை உண்டு. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் நாள இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பேச்சாளர் இதை ஒரு ஸ்லைடில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவார். மூத்த நெறியாளரும் தலையசைப்பார். உள்ளூர்க்காரர் அங்கேயே நிறுத்துவார்: "சேர், எங்களிடம் இருப்பது பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிக் குழாய் இருந்தால் அதுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவியது. அதில் பார்க்கலாமா?" பார்க்க முடியாது. இரத்தம் உறைவதைத் தூண்டுவதே கண்ணாடியின் மேற்பரப்புத்தான். பிளாஸ்டிக்கிலும் சவர்க்காரம் பட்ட கண்ணாடியிலும் நல்ல இரத்தம்கூட உறையாதது போலக் காட்டலாம். அப்படிக் காட்டினால் தேவையில்லாத ஆளுக்கு அன்டிவெனம் ஏறும். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பத்து வைத்தியசாலைக்காரர்கள் திரும்பிப் போய்த் தங்கள் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள். மிச்ச ஸ்லைட் எல்லாவற்றையும்விட அதற்குப் பெறுமதி அதிகம் என்பேன்.

அதே மாதிரி அட்ரினலின். இலங்கையில் 1007 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், அன்டிவெனம் ஏற்றுவதற்கு முன் குறைந்த அளவு அட்ரினலினைத் தோலின் கீழ் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. அதே நோக்கத்தில் கொடுக்கப்படும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரொமெத்தசினும் அந்தப் பலனைத் தரவில்லை. இதைச் சொன்னதும் உள்ளூர் நெறியாளர் கேட்க வேண்டியது: "இன்றைக்கும் உங்கள் வைத்தியசாலையில் அந்த இரண்டையும் பழக்கத்தில் கொடுத்துவிட்டு அட்ரினலினுக்குத் தயங்குகிறவர்கள் எத்தனை பேர்?" மூத்தவர் கேட்டால் அது விசாரணை மாதிரி இருக்கும். கூட வேலை செய்கிறவர் கேட்டால் சிரித்துக்கொண்டு கை தூக்குவார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். முதலாவது, இவரால் "சேர், நேரம் முடிந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அடுத்த நாள் வாட்டில் அதே சேரைப் பார்க்க வேண்டும். இதற்கு வழி தைரியம் ஊட்டுவது கிடையாது, ஏற்பாடு செய்வதுதான். மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம். பேச்சாளருக்கு அனுப்பும் கடிதத்திலேயே "20 நிமிடம், அதன் பின் ஸ்லைட் அணைக்கப்படும்" என்ற வரி. அந்த வரியைக் குழுத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பினால் பழி அவருடையது.

இரண்டாவது குறை பெரியது. வன்னி சின்ன இடம். நோயாளி ஒருவரின் கதையைச் சபையில் சொல்லும்போது பெயரைச் சொல்லாவிட்டாலும், ஊரையும் மாதத்தையும் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். இதைவிடச் சங்கடமானது, "காலம் தாழ்த்தி அனுப்பப்பட்டார்" என்ற ஸ்லைட். அதைப் பார்த்ததும் தலைகள் ஒரு பக்கம் திரும்பும். அனுப்பியவர் மூன்று வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு அவர் மட்டுமல்ல, அவரைப் போன்ற எவரும் வாய் திறக்க மாட்டார்கள். வெளியூர்த் தலைவருக்கு அந்தத் திரும்பலின் அர்த்தம் புரியாது. உள்ளூர் நெறியாளருக்குப் புரியும். ஆனால் அவர் அந்த ஆளின் நண்பராகவோ, அதே வைத்தியசாலைக்காரராகவோ இருந்தால் விஷயத்தை மூடப் பார்ப்பார். இரண்டுமே கற்றலைக் கெடுக்கிறது. ஆகவே, நோயாளியின் கதை எந்த வைத்தியசாலையிலிருந்து வருகிறதோ, நெறியாளர் அந்த வைத்தியசாலைக்காரராக இருக்கக் கூடாது. ஊர், மாதம், தொழில் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். "காலம் தாழ்த்தி" என்ற ஸ்லைடுக்குப் பதில், "அந்த நேரத்தில் அம்புலன்ஸ் எங்கே இருந்தது, யார் கடமையில் இருந்தார்கள், என்ன தெரிந்திருந்தது" என்று நேர ஒழுங்கில் போட்டால் ஆளைவிட்டு நிலைமையைப் பேசலாம்.

மூன்றாவது: இருவராக

என் தெரிவு இதுதான். ஆனால் நிபந்தனையோடு. இரண்டு நாற்காலி போடுவது நம் மாநாடுகளில் புதிதில்லை. பெரும்பாலும் இரண்டு பேருக்கு மரியாதை செய்ய வேண்டியிருப்பதால் போடப்படுகிறது. இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் பேச்சாளரை அறிமுகம் செய்வார், மற்றவர் நினைவுச் சின்னம் கொடுப்பார். அது வேறு விஷயம்.

நான் சொல்லும் இணையில் வேலை பிரிந்திருக்க வேண்டும். நடத்துவது வைத்திய அதிகாரி. பேச்சாளரை இடைநிறுத்துவது, சபையிடம் கேட்பது, கேள்விகளை வரிசைப்படுத்துவது எல்லாம் அவர். பக்கத்தில் இருக்கும் நிபுணருக்கு இரண்டே வேலை: மருத்துவ ரீதியில் பிழையான ஒன்று சபையில் நிலைத்துவிடப் பார்த்தால் திருத்துவது, கடைசி ஐந்து நிமிடத்தில் "நம் வைத்தியசாலைகளில் இனி என்ன செய்யலாம்" என்பதை மூன்று வசனத்தில் சொல்வது. நடுவில் அவர் பேசக் கூடாது. இதை முன்கூட்டியே ஒத்துக்கொள்கிற மூத்தவரைத் தேட வேண்டும். எல்லா மூத்தவர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்பவர் யார் என்பது அந்தந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கண்டங்கருவளைக் கடியை இந்த இணை எப்படி நடத்தும் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். நோயாளியின் கதை இப்படி ஆரம்பிக்கிறது: இரவு இரண்டு மணி, இளம் பெண், வயிற்றுவலி, கடித்த தடம் தெளிவாக இல்லை. இமை தொங்கத் தொடங்குகிறது. இங்கே ஸ்லைட் நிற்கிறது. நெறியாளர் சபையிடம் கேட்கிறார்: "இங்கேயே குழாய் போட்டுவிட்டு அனுப்புவீர்களா, அம்பு பையோடு (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) ஒரு தாதியை ஏற்றி அனுப்புவீர்களா? ஒரு மணி நேரப் பயணம்." கை தூக்கச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறார். மறுபடி கை தூக்கச் சொல்கிறார். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்பில் 1990களில் பிரபலமாக்கிய முறைதான் இது. கையைத் தவிர வேறு உபகரணம் வேண்டாம். பிறகு பேச்சாளர் தொடர்கிறார்: இந்த விஷம் நரம்பு முனைகளையே சிதைப்பதால், தசைகள் செயலிழந்த பிறகு அன்டிவெனம் அதைத் திருப்பாது, உயிரைக் காப்பாற்றுவது மூச்சைத் தாங்குவதுதான். அப்படியானால் புறப்படும் முன் மூச்சுவழியைப் பாதுகாக்க வேண்டும் என்ற முடிவுக்குச் சபை தானாகவே வரும். "எங்களிடம் குழாய் போடத் தெரிந்தவர் இரவில் இல்லை" என்று யாராவது சொன்னால், அங்கேதான் பக்கத்திலிருக்கும் நிபுணர் பயன்படுவார்: மாவட்ட வைத்தியசாலையிலிருந்து மயக்க மருந்துக் குழு பாதி வழிக்கு வருமா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018லிருந்து வடக்கிலும் ஓடுகிறது. வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவர அது, வைத்தியசாலைகளுக்கிடையே கொண்டுபோக எது? இப்படி ஒரு கேள்வி மேடையில் எழுந்தால் பணிப்பாளரும் சபையில் இருப்பார், பதில் சொல்லாமல் போக முடியாது.

நான்காவது: சூமில் நெறியாளர்

கொரோனாவுக்குப் பிறகு வந்த பழக்கம். பேச்சாளர் தூரத்திலிருந்து சூமில் பேசுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர், ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு நாள் போய்விடும். ஆனால் நெறியாளர் தூரத்தில் இருந்தால் மண்டபம் அவருக்குத் தெரியாது. யார் முகம் சுளிக்கிறார், யார் கை பாதி தூக்கிவிட்டுக் கீழே போட்டார் என்பதைக் கமரா காட்டாது. இணைப்பு அறுந்தால் அமர்வும் அறுந்துவிடும். பேச்சாளர் திரையில், நெறியாளர் மண்டபத்தில்: அது சரி.

ஆனால் சூமுக்கு வேறோர் இடம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா 2003ல் தொடங்கிய எக்கோ திட்டத்தில், பல்கலைக்கழக நிபுணர்கள் கிராமப்புற வைத்தியர்களோடு கிழமைதோறும் காணொளியில் நோயாளர் கதைகளைப் பேசினார்கள். ஹெப்படைட்டிஸ் சி நோய் குணமான வீதம் பல்கலைக்கழகச் சிகிச்சையகத்தில் நூற்றுக்கு 57.5, திட்டத்தில் சேர்ந்த கிராமப்புற நிலையங்களிலும் சிறைச்சாலைகளிலும் 58.2. 2011ல் இது வெளியானது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுவரை சிதறிக் கிடக்கும் நம் வைத்தியசாலைகளுக்கு இப்படித் தொடர்ந்து நடக்கும் காணொளி முறைதான் உண்மையில் ஏற்றது. வருடத்துக்கு ஒரு நாள் மாநாட்டுக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

மருந்துக் கம்பனி சிபாரிசு செய்யும் நெறியாளரைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அனுசரணையை வாங்கலாம், நெறியாளரை வாங்கக் கூடாது. பேச்சாளருக்கோ நெறியாளருக்கோ ஏதாவது தொடர்பு இருந்தால் முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி எப்படி வரும்?

யாரைப் போட்டாலும், கேள்வி வரும் வழியைச் சரிசெய்யாவிட்டால் பயன் இல்லை. நடக்கும் மைக், கடதாசித் துண்டு, கைபேசி என்று மூன்று வழி.

மைக் பேச்சு வல்லவர்களுக்கு. ஒருவர் எழுந்து கேள்வி என்று சொல்லித் தன் சொந்த ஆய்வை விவரிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கைபேசியில் அனுப்புவது இளையவர்களுக்குப் பிடிக்கும். பெயர் தெரியாது, விரைவு. ஆனால் மண்டபத்து இணைப்பு நம்ப முடியாதது, வட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கடதாசித் துண்டுதான் பிடிக்கும். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டு, தேநீர் இடைவேளைக்கு முன் ஒரு பெட்டியில் போடச் சொன்னால் போதும். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்று மூன்று மொழியிலும் அதில் அச்சடித்திருக்க வேண்டும். மொழிதான் பலரைத் தடுக்கிறது. மருத்துவம் ஆங்கிலத்தில் தெரியும், நோயாளியோடு தமிழில் பேச முடியும், ஆனால் ஐம்பது பேர் முன்னால் ஆங்கிலத்தில் வசனம் கட்ட நாக்கு எழாது. தாதிய உத்தியோகத்தர்களுக்கு இது இரட்டிப்பு. இரவில் அன்டிவெனம் ஏறும்போது பக்கத்தில் நின்று முதலில் நடுக்கத்தைக் காண்பவர் அவர்தான். அவருடைய கேள்விக்கு இடமில்லாத அமர்வில் பாதி அனுபவம் வீணாகிறது. நெறியாளர் அந்தத் துண்டை எந்த மொழியில் எழுதியிருந்தாலும் வாசித்து, ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பேச்சாளருக்கும் புரியும்.

முதல் கேள்வியை யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். 10 நாடுகளின் 35 நிறுவனங்களில் ஏறத்தாழ 250 கருத்தரங்குகளைக் கவனித்து 2018ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில் பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைந்திருந்தது. நம் மண்டபங்களில் ஆண் பெண் என்பதோடு பதவியும் சேர்ந்துகொள்ளும் என்பது என் எண்ணம். முதல் கேள்வி நிபுணரிடமிருந்து வந்தால், அடுத்தது அவரைவிடப் பெரியவரிடமிருந்துதான் வரும். ஆகவே பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து முதலாவதாக வாசிக்கட்டும், அல்லது பயிற்சி வைத்தியர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். முன்கூட்டியே சொல்லி வைப்பதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறைகளில் பார்த்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள், மூன்று வினாடி காத்திருந்தபோது பதில் நீண்டது, பதில் சொன்னவர்களும் கூடினார்கள். மேடையில் மூன்று வினாடி என்பது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் ஒரு வாய் குடிக்கலாம்.

செலவும் நேரமும்

பணமாகப் பார்த்தால் வெளியூர் மூத்தவர்தான் செலவு கூடியவர்: வாகனம், தங்குமிடம், சாப்பாடு. உள்ளூர் வைத்திய அதிகாரிக்கு வேண்டியது கடமையிலிருந்து விடுவிப்பு. அதுதான் பணத்தைவிடக் கஷ்டம். மாநாட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே அவருடைய வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் போக வேண்டும். "பங்குபற்றுநர்" என்று எழுதினால் விடமாட்டார்கள், "அமர்வு நெறியாளர்" என்று எழுத வேண்டும். இணை முறையில் கூடுதலாக வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு: ஒரு கிழமைக்கு முன், பேச்சாளர், வைத்திய அதிகாரி, நிபுணர் மூவரும் கால் மணி நேரம். எங்கே ஸ்லைட் நிற்கும், என்ன கேள்வி கேட்கப்படும் என்பதை மட்டும் பேசினால் போதும். பேச்சாளர் ஸ்லைட்டைக் குறைக்கச் சம்மதிப்பதும் அந்த அழைப்பில்தான் நடக்கும். நிகழ்ச்சி அன்று காலையில் கேட்டால் சம்மதிக்க மாட்டார்.

அமர்வுக்கு 30 நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் இணை வேண்டாம். ஒருவரே போதும், உள்ளூர்க்காரர். பேச்சு 12 நிமிடம், ஒரு நோயாளியின் கதை, ஒரு நிறுத்தம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மூத்த நிபுணர் அன்று காலையில் அவசர சத்திரசிகிச்சை என்று வராமல் போவது நடக்கும். அப்போது குழு பதறிப்போய் முன்வரிசையிலிருந்து இன்னொரு சேரைப் பிடித்து மேடையில் ஏற்றப் பார்க்கும். ஏற்ற வேண்டாம். வேலைப் பிரிப்பு அவருக்குத் தெரியாது, நடுவில் பேசத் தொடங்கிவிடுவார். நாற்காலி வெறுமையாக இருக்கட்டும், வைத்திய அதிகாரி தனியாக நடத்தட்டும். திருத்தம் தேவைப்பட்டால் பேச்சாளரே சொல்வார். கடைசி மூன்று வசனத்தைச் சபையிலிருக்கும் நிபுணர் ஒருவரிடம், அவர் இருக்கையில் இருந்தபடியே, அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.